வடதுருவ ஒளியை இந்தியாவிலிருந்து படம்பிடிக்க முடியுமா? அறிய வேண்டியவை

பெங்களூரு: நார்வே, ஐஸ்லாந்து போன்ற நாடுகளுக்கே உரியதாகக் கருதப்படும் வடதுருவ ஒளி, 2024 மே 11 அதிகாலையில் லடாக்கின் ஹான்லே வானிலும் பதிவானது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அங்கு நடத்திவரும் ஆய்வகத்தின் கேமராக்கள், வடக்கு அடிவானத்தில் பரவிய செந்நிற ஒளியைப் படம்பிடித்தன. 2003ஆம் ஆண்டுக்குப் பிறகு பூமியைத் தாக்கிய மிகக் கடுமையான புவிகாந்தப் புயலே இதற்குக் காரணம்.

சந்தாபுராவிலிருந்து தெரியுமா?

தெரியாது. இதற்கு நகர விளக்குகளின் வெளிச்சம் மட்டும் காரணமன்று. பூமியின் வளைவே முதன்மைத் தடை. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் புவிகாந்தப் புலத்தால் துருவப் பகுதிகளை நோக்கித் திருப்பப்பட்டு, அங்குள்ள காற்று மண்டல அணுக்களை ஒளிரச் செய்கின்றன. சுமார் 100 கி.மீ. உயரத்தில் தோன்றும் பச்சை ஒளியை, தரைமட்டத்தில் இருப்பவர் ஏறத்தாழ 1,100 கி.மீ. தொலைவு வரையே காண இயலும். 300 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் உமிழும் சிவப்பு ஒளியோ 1,900 கி.மீ.க்கு அப்பாலும் அடிவானத்திற்கு மேல் தெரியும். ஹான்லேயில் பச்சை மறைந்து, சிவப்பு மட்டும் பதிவானதன் காரணம் இதுவே. சந்தாபுரா, ஹான்லேயிலிருந்து மேலும் 2,200 கி.மீ. தெற்கே உள்ளது.

கண்ணுக்கும் கேமராவுக்கும் உள்ள வேறுபாடு

மங்கலான வெளிச்சத்தில் மனிதக் கண்ணால் நிறங்களைப் பிரித்தறிய இயலாது. சிவப்பை உணரும் திறன் மிகவும் குறைந்துவிடும். கேமராவோ பல வினாடிகள் ஒளியைச் சேகரித்து ஒரே படமாக்குகிறது. எனவே படத்தில் செக்கச்சிவந்து தெரியும் வானம், நேரில் வெறும் சாம்பல் நிற மங்கலாகத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். படங்களைப் பார்த்துப் பயணம் திட்டமிடுவோர் இதை மனத்தில் கொள்வது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

படம்பிடிக்கும் முறை

* கேமராவை அசையாத முக்காலியில் பொருத்தி, அகலக்கோண லென்ஸை வடக்கு அடிவானத்தை நோக்கித் திருப்ப வேண்டும்.
* லென்ஸ் துளையை எஃப் 2.8 அல்லது அதனினும் அகலமாகத் திறந்து, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை வைக்கலாம்.
* 10 முதல் 20 வினாடி வரை ஒளியேற்பு போதுமானது. அதற்கு மேல் நீடித்தால் விண்மீன்கள் கோடுகளாக இழுபடும்.
* தானியங்கி ஃபோகஸ் இருளில் செயலிழக்கும். பிரகாசமான விண்மீன் ஒன்றைக் கொண்டு கையால் சரிசெய்ய வேண்டும்.
* பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் அதிர்வைத் தவிர்க்க 2 வினாடி டைமர் உதவும்.
* கைப்பேசியையும் முக்காலியில் பொருத்தி, இரவுப் பயன்முறையில் முயலலாம்.
* குளிரில் பேட்டரி விரைவில் தீரும். மாற்று பேட்டரியை உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்திருப்பது நல்லது.

கவனத்திற்குரியவை

ஹான்லே ஆய்வகம் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. லே நகரில் சில நாட்கள் தங்கி உடலைப் பழக்காமல் நேரே செல்வோருக்கு மலை உயர நோய் ஏற்படும் அபாயம் உண்டு. எல்லையோரப் பகுதி என்பதால், நடப்பில் உள்ள அனுமதி விதிகளை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். இருள் வான் காப்பகமான அங்கு வாகன முகப்பு விளக்கும் வெள்ளை டார்ச்சும் மற்றவர்களின் படத்தையும் ஆய்வையும் கெடுக்கும். மங்கிய சிவப்பு விளக்கே ஏற்றது.

புவிகாந்தப் புயல் வலுவாக இருந்து, இந்தியாவில் அப்போது இரவாகவும், நிலவற்ற தெளிந்த வானமாகவும் இருந்தால் மட்டுமே வாய்ப்பு உண்டு. இத்தகைய புயல்கள் செயற்கைக்கோள்களையும் மின் கட்டமைப்பையும் பாதிக்கக்கூடியவை என்பதால், ஹான்லேயில் பதிவாகும் ஒவ்வொரு செந்நிறப் படமும் அறிவியலாளர்களுக்கு முக்கியத் தரவாகும்.