ராமாநுஜர், சேக்கிழார், அண்ணா... கம்பெனி பஸ் போகும் பாதையில் பிறந்த பிரபலங்கள்!

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது கார், செல்போன், டயர், கண்ணாடி. ஒரகடம் என்றால் லாரியும் புல்லட்டும். பொழுது விடிவதற்கு முன்பே வரிசையாகக் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடுகின்றன. கழுத்தில் ஐடி கார்டு, காதில் இயர்போன், ஜன்னலில் சாய்ந்து அரைத்தூக்கம். அந்த பஸ்களில் தென்காசிக்காரரும் இருக்கிறார், திருவண்ணாமலைக்காரரும் இருக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ஓடும் பெயர்ப் பலகைகள் அவர்களில் பலருக்கு வெறும் ஸ்டாப்பிங். பூந்தமல்லி, திருமழிசை, குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். ஆனால், 'தமிழ்நாட்டின் புகழ்பெற்ற மனிதர்கள்' என்று யாராவது பட்டியல் போட்டால், இந்த வட்டாரத்துக்கு மட்டுமே ஒரு பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஓர் ஆழ்வார், ஓர் ஆசார்யர், சோழப் பேரரசின் அமைச்சர், இந்த மாநிலத்துக்குப் பெயர் சூட்டிய முதலமைச்சர் என அத்தனை பேரும் இந்தச் சாலைகளைச் சுற்றியே பிறந்தவர்கள்.

இவர்களுக்குள் ஓர் ஒற்றுமையும் உண்டு. இவர்களில் யாருமே பிறந்த ஊரிலேயே இருந்து பெரிய ஆள் ஆகவில்லை!

திருமழிசை: பாயைச் சுருட்ட வைத்தவர்

வரிசையில் காலத்தால் மூத்தவர் திருமழிசை ஆழ்வார். பூந்தமல்லியைத் தாண்டியதும் வரும் திருமழிசைதான் அவர் ஊர். பெற்றவர்கள் மூங்கில் புதரில் விட்டுச் சென்ற குழந்தையை, பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளன், பங்கயச்செல்வி தம்பதி எடுத்து வளர்த்தார்கள் என்கின்றன குருபரம்பரை நூல்கள். 'நான்முகன் திருவந்தாதி', 'திருச்சந்த விருத்தம்' இரண்டும் இவர் பாடியவை.

இவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று காஞ்சிபுரத்தில் நடக்கிறது. இவருடைய சீடர் கணிகண்ணன், பல்லவ மன்னனைப் புகழ்ந்து பாட மறுத்துவிடுகிறார். 'ஊரைவிட்டுப் போ' என்று உத்தரவு வருகிறது. சீடன் போனால் நானும் போகிறேன் என்று கிளம்புகிறார் ஆழ்வார். கிளம்புவதற்கு முன் திருவெஃகா பெருமாளிடமும், பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு உடன் வரும்படி சொல்கிறார். பெருமாளும் எழுந்து பின்னால் போகிறார். ஊரே இருண்டுபோக, மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கிறான். மூவரும் திரும்பி வருகிறார்கள்.

'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று திருவெஃகா பெருமாளுக்குப் பெயர் வந்தது அதனால்தான். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை' ஆகி, இன்று ஓரிக்கை என்று வழங்குகிறது. காஞ்சிபுரத்தில் இன்றும் அந்தப் பெயரில் பகுதி இருக்கிறது. ஒருவனை ஊரைவிட்டு அனுப்பினால் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு, இதைவிட எளிமையாக ஒரு கதை சொல்ல முடியாது.

பூந்தமல்லி: விசிறி வீசிய குரு

பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. இங்கே பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் எனும் விசிறி வீசும் தொண்டு செய்தவர். பெருமாள் இவரோடு நேரில் பேசுவார் என்பது நம்பிக்கை.

இந்த நம்பியைத்தான் தன் வழிகாட்டியாக ஏற்றார், வயதில் இளையவரான ராமாநுஜர். நம்பி பிராமணர் அல்லர். ராமாநுஜரோ வேதம் படித்த பிராமண இளைஞர். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒருநாள் நம்பியைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார் ராமாநுஜர். அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்பது ஆசை. ஆனால், ராமாநுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விடுகிறார். ராமாநுஜரின் மனைவி, நம்பி சாப்பிட்ட இடத்தைக் கழுவிவிட்டு, குளித்து, புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறார். திரும்பி வந்த ராமாநுஜர் மனம் நொந்துபோனார் என்கிறது வரலாறு. பின்னாளில் அவர் குடும்பத்தைத் துறந்து துறவியானதற்கு இதுபோன்ற நிகழ்வுகளையே காரணமாகச் சொல்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்: ஊருக்கு வந்த திருமேனி

ராமாநுஜர் பிறந்தது 1017-ம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில் என்பது மரபுக் கணக்கு. ஊரின் புராணப் பெயர் பூதபுரி. ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கும் அதே ஸ்ரீபெரும்புதூர்தான்.

படிப்பு காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில், யாதவப்பிரகாசரிடம். பாடத்தில் குருவுக்கும் சீடருக்கும் கருத்து வேறுபாடு. காசி யாத்திரைக்கு அழைத்துச் சென்று ராமாநுஜரைத் தீர்த்துக்கட்டும் திட்டம் வரை போனது அது. அந்தத் திட்டத்தைக் காதில் சொல்லி அவரைத் தப்பிக்க வைத்தவர், சித்தியின் மகன் கோவிந்தன். பின்னாளில் 'எம்பார்' என்று புகழ்பெற்ற இவர் பிறந்த மதுரமங்கலமும் சுங்குவார்சத்திரத்தை அடுத்துதான் இருக்கிறது. அண்ணன், தம்பி இருவருமே இந்த வட்டாரத்துப் பிள்ளைகள்.

அதன்பிறகு ராமாநுஜரின் வாழ்க்கை முழுக்கப் பயணம். காஞ்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போனார். ஒருவர் காதில் மட்டும் சொல்ல வேண்டிய ரகசிய மந்திரத்தை, 'கேட்டவர்கள் எல்லாம் உய்வார்கள் என்றால் நான் நரகம் போனாலும் பரவாயில்லை' என்ற எண்ணத்தோடு எல்லோருக்கும் உரக்கச் சொன்னது திருக்கோஷ்டியூரில். சோழ நாட்டில் எதிர்ப்பு வந்தபோது இன்றைய கர்நாடகத்தின் மேல்கோட்டைக்குப் போனார். பல ஆண்டுகள் அங்கேதான் இருந்தார். அங்கே ஒடுக்கப்பட்ட மக்களைத் 'திருக்குலத்தார்' என்று அழைத்து, ஆண்டில் சில நாள்கள் கோயிலுக்குள் வரும் உரிமையையும் பெற்றுத்தந்தார் என்கிறது வைணவ மரபு.

வெளியூர்க்காரராக, வேறு மொழி பேசும் மண்ணில் போய் நின்ற ஒருவர், அங்கே வாசலுக்கு வெளியே நின்றவர்களை உள்ளே அழைத்திருக்கிறார். இன்று அவருக்கு 216 அடி உயரச் சிலை இருப்பதும் தமிழ்நாட்டில் இல்லை. ஹைதராபாத் அருகே 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது அது.

சொந்த ஊருக்கு? அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்யப்பட்டு, அவரே தழுவிக் கொடுத்த 'தான் உகந்த திருமேனி' ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் இருக்கிறது. கடைசி வரை ஸ்ரீரங்கத்தில் இருந்தவரின் திருமேனி மட்டும் ஊருக்கு வந்துசேர்ந்தது.

குன்றத்தூர்: அமைச்சரின் பேனா

ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் இன்னொரு சாலை குன்றத்தூர் வழியாகப் போகிறது. மலைமேல் முருகன் கோயில் என்றுதான் பலருக்கும் இந்த ஊர் தெரியும். 'பெரியபுராணம்' தந்த சேக்கிழாரின் ஊரும் இதுதான். இயற்பெயர் அருண்மொழித்தேவர். 12-ம் நூற்றாண்டில் சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர்.

பெரிய பதவியில் இருந்தவர் யாரைப் பற்றி எழுதினார் என்பதுதான் ஆச்சர்யம். அவருடைய காவியத்தில் மன்னர்கள் மட்டும் நாயகர்கள் இல்லை. மண்பாண்டம் செய்யும் திருநீலகண்டர், மீன் பிடிக்கும் அதிபத்தர், துணி வெளுக்கும் திருக்குறிப்புத் தொண்டர், வேட்டையாடும் கண்ணப்பர், எண்ணெய் வணிகர் கலியர், கோயிலுக்குள் நுழைய முடியாமல் தவித்த நந்தனார் என வேலை செய்து பிழைத்தவர்கள் பலர் அதில் நாயன்மார்கள். காரைக்காலிலிருந்து பேயுருவில் கயிலை வரை நடந்த ஓர் அம்மையாரும் உண்டு.

நூல் அரங்கேறியது சிதம்பரத்தில். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி, அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவடைந்தது என்பார்கள். ராமாநுஜர் பிறந்த அதே நட்சத்திரம்! முடிந்த அன்று சேக்கிழாரை யானைமேல் ஏற்றி, மன்னனே உடன் அமர்ந்து கவரி வீசினான் என்கிறது கதை.

ஊரை அவர் மறக்கவில்லை. கும்பகோணம் அருகே உள்ள திருநாகேஸ்வரம் கோயில் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அதே பெயரில் குன்றத்தூரிலும் ஒரு சிவன் கோயில் கட்டினார். வட திருநாகேஸ்வரம் என்று இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

காஞ்சிபுரம்: மாநிலத்துக்கே பெயர் வைத்தவர்

நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் காஞ்சிபுரம். 1909 செப்டம்பர் 15 அன்று இங்கே ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் சி.என்.அண்ணாதுரை.

அண்ணாவுக்குச் சொந்த ஊர் எப்போதும் கைகொடுத்தது என்று சொல்ல முடியாது. 1957 தேர்தலில் காஞ்சிபுரம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த தேர்தலிலேயே, 1962-ல் தோற்கடித்தது. ஆனாலும், ஐந்தே ஆண்டுகளில், 1967-ல் அவர் முதலமைச்சர்.

அதே ஆண்டு ஜூலை 18 அன்று, மெட்ராஸ் மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இந்தப் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாவிரதம் இருந்து 1956-ல் உயிர்விட்டவர் விருதுநகர் சங்கரலிங்கனார். 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் பெயர் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது. மூன்றே வாரங்களில், பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார்.

'உங்க ஸ்டேட் எது?' என்று ஒருவர் கேட்டால் 'தமிழ்நாடு' என்று சொல்கிறோமே, அந்தப் பதிலை அதிகாரபூர்வமாக்கியவரும் இந்தச் சாலைக்காரர்தான்.

மண்ணின் மைந்தர் என்பவர் யார்?

'தமிழ்நாட்டுப் பிரபலங்கள்' பட்டியலைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அண்ணாவுக்குப் பிறகு கோட்டையை ஆண்ட எம்.ஜி.ஆர் பிறந்தது இலங்கையின் நாவலப்பிட்டியில். ரஜினிகாந்த் பிறந்தது பெங்களூரில். இவர்கள் இல்லாமல் அந்தப் பட்டியலை யாரும் போட மாட்டார்கள். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜனை உலகம் அறிந்தது, கேம்பிரிட்ஜ் போன பிறகு. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையைக் கூகுளின் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது அமெரிக்கா. வந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம், போனவர்களையும் விட்டுக்கொடுப்பதில்லை. நல்ல வழக்கம்தான்.

அந்த வழக்கம் பிரபலங்களோடு நின்றுவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-லும், டெய்ம்லர் லாரி ஆலை 2012-லும் திறக்கப்பட்டன. ஆலைகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் நின்றது. அதை நம்பி வந்து, இங்கேயே வாடகைக்கு வீடெடுத்த இளைஞர்கள் பலர் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களின் உடல்நிலை பாதிக்கப்பட்டது. உடன் வேலை செய்யும் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். இந்தப் பெண்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாடே திரும்பிப் பார்த்தது அதன்பிறகுதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் வளாகத்தை அரசு திறந்துவைத்தது. அவர்கள் தங்க நல்ல இடம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளவே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஒடிசா இளைஞர் வாடகைக்கு அறை கேட்டால் தயங்கும் வீடுகளும், வெளியூர்ப் பெண் ஷிப்ட் முடிந்து இரவில் வந்தால் முகம் சுளிக்கும் தெருக்களும் இன்னும் இருக்கின்றன. வெளியூர்க்காரராக மேல்கோட்டையில் போய் நின்ற ராமாநுஜரையும், சீடனுக்காக ஊரைவிட்டே கிளம்பிய ஆழ்வாரையும் கொண்டாடும் வட்டாரம் இது. பக்கத்து அறைக்குக் குடிவந்தவரின் பெயரையும் ஊரையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் இந்த வட்டாரத்துக்குச் சிரமம் இருக்கக் கூடாது.

லீவு நாளில் ஒரு சுற்று!

இந்த வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்கள், வார விடுமுறையில் ஒரே நாளில் இந்த ஊர்களைப் பார்த்துவிடலாம்.

* காலையில் குன்றத்தூர். மலைமேல் முருகனையும், கீழே சேக்கிழார் கட்டிய திருநாகேஸ்வரத்தையும் பார்க்கலாம்.
* அங்கிருந்து பூந்தமல்லி. வரதராஜப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பிக்கும் சந்நிதி உண்டு.
* நெடுஞ்சாலையில் அடுத்து திருமழிசை. ஆழ்வார் பிறந்த தலம்.
* பிறகு ஸ்ரீபெரும்புதூர். சித்திரையில் போனால் ராமாநுஜரின் அவதார உற்சவத்தையும் காணலாம்.
* மாலையில் காஞ்சிபுரம். திருவெஃகா கோயிலைப் பார்த்துவிட்டு, அண்ணா வாழ்ந்த நினைவு இல்லத்துக்கும் போய் வரலாம்.

மதியம் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், ஸ்ரீபெரும்புதூர் வரை பதினொரு மணிக்குள் பார்த்துவிடுவது நல்லது. போகும்போது, ஊருக்குப் புதிதாக வந்து தனியாக இருக்கும் ரூம்மேட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள்.