பற்றரிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே கிரிபாட்டி என்றொரு நாடு உண்டு. எழுதுவதுதான் அப்படி, அந்நாட்டவர் சொல்வது 'கிரிபாஸ்'. 1979இல் பிரித்தானியரிடமிருந்து சுதந்திரம் பெற்ற அந்நாட்டில் 33 தீவுகள் உள்ளன. நடுவே ஆழ்கடல் கிடக்கையில் தலைநகரிலிருந்து மற்றத் தீவுகளுக்கு மின்கம்பி இழுக்க முடியாது. மண்ணெண்ணெய் கப்பலில் வரவேண்டும். அதை வாங்கக் கொப்பறா விற்ற காசு வேண்டும்.

1984இல் வெளிநாட்டு உதவியுடன் அங்கே சூரியசக்திக் கம்பனி ஒன்று தொடங்கியது. தகடுகளையும் பற்றரிகளையும் குடும்பங்களுக்கு விற்பதே அதன் வேலை. பராமரிப்பது வாங்கியவர் பொறுப்பு. 1992இல் சோதித்துப் பார்த்தபோது, பத்துக்கு ஒன்பது சரிவர இயங்கவில்லை.

சூரியத் தகடு இருபது வருடங்களும் தாங்கும். முதலில் கெடுவது பற்றரிதான். பகலில் சேரும் மின்சாரத்தை இரவில் அடியோடு வடியவிட்டால், உள்ளேயிருக்கும் ஈயத்தில் உப்புப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு வெயில் எறித்தாலும் பற்றரி ஏற்காது. இதைத் தடுக்கவே நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டுகிறார்கள். பற்றரி இறங்கியதும் அது விளக்கை அணைத்துவிடும். பிள்ளை படித்துக்கொண்டிருக்கையில் விளக்கு அணைந்தால் யாருக்குப் பொறுக்கும்? பெட்டியை விட்டு வயரை நேரே கொழுவினால் அன்றிரவு வெளிச்சம் கிடைக்கும். பற்றரியோ கெதியில் செத்துவிடும். அதன் நீர் குறைந்தால் வடித்த நீரே ஊற்ற வேண்டும். உவர்க்கிணற்று நீர் ஊற்றினாலும் கெட்டுவிடும்.

ஆகவே கம்பனி வழியை மாற்றியது. யப்பானிய உதவியுடன் வட தராவாவில் 55 வீடுகளுக்கு விளக்குப் பூட்டியது; விற்கவில்லை. தகடும் பற்றரியும் கம்பனியின் சொத்து, குடும்பம் கட்டுவது மாதக் கட்டணம் மாத்திரம். பயிற்றப்பட்ட ஒருவர் மாதந்தோறும் வீட்டுக்கு வந்து பற்றரியைப் பார்ப்பார், நீர் ஊற்றுவார், கட்டணத்தையும் வாங்கிச் செல்வார். 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் மேலும் 250 வீடுகளுக்கு உதவியது. பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இம்முறை பரவியது.

இலவசமாகத் தகடு தர எவர் வந்தாலும், எத்தனை தகடு என்று கேட்கமுன் இந்த மனிதரைப்பற்றிக் கேளுங்கள்: அவர் யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

கிரிபாட்டியிலும் எல்லாம் சீராகிவிடவில்லை. கொப்பறா விலை விழுந்தால் கட்டணம் பாக்கி விழும். கட்டணத்தைக் கூட்டினால் ஏழைக் குடும்பம் மண்ணெண்ணெய் விளக்குக்கே திரும்பிவிடும். குறைத்தால் சில வருடங்களில் அடுத்த பற்றரி வாங்கப் பணம் இராது. அப்போது மறுபடியும் உதவி நாடுகளிடமே போக வேண்டியிருக்கும்.