மாற்றுப் பாதையின் மதிப்பு

2024ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், பெஞ்சல் புயல் கொட்டிய மழையினால், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டிற்று. தெற்கிலிருந்து சென்னைக்குச் செல்லும் நேர்பாதை அடைபட்டது. அப்போது சில வண்டிகள் விழுப்புரத்திலிருந்து காட்பாடி மார்க்கமாகத் திருப்பி விடப்பட்டன. முந்திய நாள்தான் மண்சரிவில் ஏழு உயிர்களை இழந்திருந்த திருவண்ணாமலை, இந்தக் காட்பாடிப் பாதையில் உள்ள ஊராகும். சாதாரண நாட்களில் பெரிய வண்டிகள் அதிகம் நாடாத அப்பாதை, இடர் வந்த வேளையில் கை கொடுத்தது.

கணினிகளை இணைக்கும் வலையமைப்புக்கும் இத்தகைய மாற்றுப் பாதை வேண்டும். ஆனால் அங்கே ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. அதனைச் சிறிது ஆராய்வோம்.

அருணாசல மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் 'ஸ்விட்ச்' எனும் இணைப்புப் பெட்டி ஒன்றை வைத்து, அடுத்தடுத்த பெட்டிகளைக் கம்பியால் இணைத்து வளையமாக்குவதாகக் கற்பனை செய்துகொள்வோம். எட்டுப் பெட்டிகளுக்கு எட்டுக் கம்பிகள். ஒன்று அறுந்தாலும் மறுபுறம் சுற்றிச் செய்தி போய்விடும் என்று நாம் மகிழ்வோம்.

அங்கேதான் அபாயம் இருக்கிறது. எல்லோருக்கும் உரிய செய்தி ஒன்று வந்தால், ஸ்விட்ச் அதனை வந்த வழி நீங்கலாக ஏனைய வழிகள் அனைத்திலும் அனுப்பும். வளையத்தில் அச்செய்தி இரு புறமும் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து, மறுபடியும் சுற்றத் தொடங்கும். வலம் வரும் அடியார் ஒரு சுற்றோடு நின்றுவிடுவார். செய்திக்கோ களைப்பு இல்லை, சுற்றை எண்ணும் கணக்கும் அதனிடம் இல்லை. புதிய செய்திகளும் வந்து சேரச் சேர, சில நொடிகளில் வலையமைப்பு முழுவதும் ஸ்தம்பித்துவிடும்.

இதற்குப் பரிகாரம் கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1985இல் அவர் வகுத்த முறை, 1990இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. ஒரு மரத்தில் கிளைக்குக் கிளை செல்ல வழி ஒன்றே உண்டு. ஆகவே, வளையத்தை மரமாக்கிவிட்டால் சுழற்சிக்கு இடமில்லை என்பதே அதன் கருத்து.

நமது உதாரணத்தில், மிகச் சிறிய எண்ணுடைய இந்திர லிங்கத்துப் பெட்டி வேராகும். ஏனையவை ஒவ்வொன்றும் வேருக்குக் குறுகிய வழியைத் தேர்ந்துகொள்ளும். ஐந்தாவதான வருண லிங்கத்துக்கு இரு புறமும் தூரம் சமம். ஆதலால் சிறிய எண்ணுடைய நிருதி லிங்கத்தின் பக்கத்தை ஏற்று, வாயு லிங்கத்தின் பக்கத்தை அது அடைத்துவிடும். கம்பி இருக்கும், செய்தி மட்டும் போகாது.

வேரிலிருந்து இரண்டு விநாடிக்கு ஒரு முறை நலச்செய்தி புறப்பட்டுக் கொண்டிருக்கும். எம லிங்கத்துக்கும் நிருதி லிங்கத்துக்கும் இடையே கம்பி அறுந்தால், அந்நலச்செய்தி வருண லிங்கத்தை எட்டாது. உடனே மறுபுற அடைப்பைத் திறக்கும் வேலை தொடங்கும். பழைய முறையில் இதற்கு 30 முதல் 50 விநாடி வரை ஆகும். 2001இல் வந்த விரைவு முறையில் ஓரிரு விநாடிகளே போதும்.

மாணவர்களே, இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இரு கம்பிகளையும் ஒரே பள்ளத்தில் புதைத்தால், ஒரே மண்வெட்டி இரண்டையும் அறுத்துவிடும். அது மாற்றுப் பாதை ஆகாது. மேலும், ஓய்ந்திருக்கும் கம்பி பழுதுபட்டாலும் எவருக்கும் வலிப்பதில்லை. எனவே, நல்ல நாளிலேயே முதற்கம்பியை வேண்டுமென்றே கழற்றி, இரண்டாவது வேலை செய்கிறதா என்று பார்த்து வைத்தல் வேண்டும். சோதித்துப் பார்க்காத துணையைத் துணை என்று நம்புதல் தகாது.