காகிதக் கோப்பைக்குள் பிளாஸ்டிக்!

காகிதக் கோப்பையில் கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றுகிறார்கள். காகிதம் ஊறுவதில்லை, ஒழுகுவதில்லை. காரணம், உள்பக்கம் பூசியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக். இது காகிதத்தோடு ஒட்டிக் கிடப்பதால், பழைய கோப்பைகளைக் கூழாக்கச் சாதாரணக் காகித ஆலைகள் தயங்குகின்றன. பெரும்பாலும் அவை குப்பை மேட்டுக்கே போய்ச் சேருகின்றன.

இந்தக் கோப்பையோடு நெடுங்காலமாக மல்லுக்கு நிற்கிறது, 'ஸ்டார்பக்ஸ்' என்ற அமெரிக்கக் காபி நிறுவனம். சியாட்டில் நகரில் 1971-ம் ஆண்டு காபிக் கொட்டை விற்கும் ஒரே ஒரு கடையாகத் தொடங்கியது. இன்று உலகெங்கும் சுமார் 40 ஆயிரம் கடைகள். டாட்டா நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, 2012-ம் ஆண்டு மும்பையிலும் கடை திறந்தது.

கரைந்து போன இலக்கு

சொந்தக் கோப்பை கொண்டு வருபவருக்கு 10 சென்ட் தள்ளுபடி என்று 1980-களிலேயே அறிவித்தார்கள். 2008-ம் ஆண்டு பெரிய சபதமே போட்டார்கள். 2015-க்குள் நூற்றுக்கு 25 காபி, கழுவி மறுபடி பயன்படுத்தும் கோப்பையில் விற்கப்படுமாம்! சில ஆண்டுகளில் 25 என்பது 5 ஆகச் சுருங்கியது. அதையும் எட்ட முடியவில்லை. 2 சதவீதத்தைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது.

பல டாலர் கொடுத்துக் காபி வாங்குகிறவருக்கு 10 சென்ட் எந்த மூலைக்கு? லண்டனில் 2018-ம் ஆண்டு இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். காகிதக் கோப்பை வேண்டுமானால் 5 பென்ஸ் கூடுதல் என்றார்கள். சொந்தக் கோப்பை கொண்டு வந்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகினார்கள். கிடைக்கும் காசைவிடக் கையை விட்டுப் போகும் காசுதான் ஆளை உலுக்குகிறது!

காபிச் சக்கையைத் தோட்டத்து உரத்துக்காக வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டம் 1995 முதல் நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் நிறுவனத்துக்கு அதில் சிரமம் ஒன்றுமில்லை. கோப்பை விஷயத்தில்தான் சிரமம்: கழுவ ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், அடுக்கி வைக்க இடம் வேண்டும்.

தமிழ்நாட்டில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. மற்ற மாநிலங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆபீசில் நாளைக்கு இரண்டு காபி. ஆண்டில் 300 வேலை நாள். ஒருவருக்கே 600 கோப்பை! ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டு வந்த எவர்சில்வர் டம்ளர், சமையலறை அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது?