பாலுக்கு ஏன் ஊருக்கொரு விலை?

ஓசூரில் ஆவின் நீல பாக்கெட், எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் நந்தினி நீல பாக்கெட் வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் கொழுப்பு 3 சதவீதம்தான். விலை மட்டும் வேறு. ஏன்?

தமிழக அரசு 2021 மே மாதம் ஆவின் விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023 டிசம்பரில் பால் ஊற்றுபவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை தந்தது. அந்தப் பணம் அரசு கஜானாவிலிருந்து வந்தது. கர்நாடகமோ 2025 ஏப்ரலில் பாக்கெட் விலையிலேயே 4 ரூபாய் ஏற்றி, அது முழுவதும் விவசாயிக்கே என்றது.

எங்க அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் என்னைப் படிக்க வைக்கிறாங்க. லீவுக்குப் போனால் பால் அட்டையை நான்தான் வாசித்துச் சொல்வேன். கொழுப்பு பாயிண்ட் இறங்கினால் அன்றைய காசும் இறங்கும்.

எனவே நண்பர்களே, பால் எங்கே சீப் என்று கேட்கும்போது, கறந்தவங்க கைக்கு எவ்வளவு போச்சு என்றும் கேளுங்க!