பிளக் ஒயர்க் கோளாறும் பாதுகாப்பான சோதனையும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களின் அடைமழையில் காவிரிப் படுகைச் சாலைகளில் ஓரங்கட்டி நிற்கும் பழைய பெட்ரோல் கார்களைப் பலரும் பார்த்திருப்பர். மணவீட்டாரை ஏற்றிவந்த வண்டியாயின் அது சிறு தொல்லை. நள்ளிரவில் நோயாளியைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வண்டியாயின் அது தொல்லை என்னும் சொல்லுக்குள் அடங்காது. இவ்வாறு நின்றுபோவதற்குரிய காரணங்களுள் ஒன்று, எளிதில் கண்டறியத்தக்கதாயினும் பலராலும் தவறான முறையில் தேடப்படுவது, பிளக் ஒயரின் கோளாறாகும்.

ஸ்பார்க் பிளக் என்பதைத் தீப்பொறிச் செருகி எனத் தமிழில் குறிக்கலாம். எனினும் பட்டறையில் புழங்கும் 'பிளக்' என்னும் சொல்லையே ஈண்டு மேற்கொள்வோம். ஜெர்மனியில் போஷ் நிறுவனப் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் 1902ஆம் ஆண்டில் உயர் அழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். பின்னர் வந்த கார்களில் பேட்டரியும் காயிலும் அவ்வேலையை ஏற்றன. பேட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே. காயில் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்த, டிஸ்ட்ரிபியூட்டர் முறைவைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்தளிக்கிறது. அம்பாசடர் காரில் பிளக்குகளுக்கு நான்கும், காயிலிலிருந்து வருவது ஒன்றுமாக ஐந்து ஒயர்கள் இப்பணியைச் செய்கின்றன.

உழவர் நாட்டில் வாழும் நமக்கு இதன் கோளாற்றை விளக்குவது எளிது. வாய்க்கால் கரையில் நண்டு வளை ஒன்றிருந்தால் தண்ணீர் கடைமடைக்குச் செல்லாமல் அவ்வழியே கசிந்தோடும். அதுபோன்றே ஒயரின் ரப்பர் உறையில் நுண்ணிய வெடிப்பிருந்தால் மின்சாரம் பிளக்கை அடையாமல் அருகிலுள்ள இரும்பின்மீது பாய்ந்துவிடும். வாய்க்காலில் நீர் ஏற ஏறக் கசிவு மிகுவதைப் போல, இஞ்சின் பளு இழுக்கும்போது பொறி பாய மிகுதியான மின்னழுத்தம் தேவைப்படுவதால் கசிவும் மிகும். நம் சமவெளியில் ஏற்றமென்பது பெரும்பாலும் ஆற்றுப்பாலத்தின் ஏற்றந்தான். சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி பாலத்தில் ஏறும்போது குலுங்கித் திணறினால், ஓட்டுநர்கள் 'மிஸ் அடிக்கிறது' என்பர்.

மழையின் ஈரம் இக்கசிவுக்கு வழி திறந்துவிடுகிறது. நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் முதலிய கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஒயரின் மேல் படியும் உப்பு ஈரம்பட்டதும் மின்சாரத்தைக் கடத்தும். முனைகளிலுள்ள உலோகமும் பச்சை பூத்து அரிக்கப்படும். அறுவடைக்குப்பின் கொட்டகையில் தஞ்சம் புகும் எலிகளின் பல்லுக்கும் இதில் பங்குண்டு.

இனி, சோதிக்கும் முறையைக் காண்போம். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் ஒயராகக் கையால் பிடுங்கிப் பார்ப்பது நம் பட்டறைகளில் நெடுநாளைய வழக்கம். இளஞ்சிறுவர்களும் இதனைக் கண்டு பழகிவிடுகின்றனர். இது கைவிடத்தக்க வழக்கமே. நல்ல உடல்நலமுடையவரை அந்த அதிர்ச்சி பெரும்பாலும் கொல்லாது என்பது உண்மை. ஆயினும் திடுக்கிட்டு இழுத்த கை விசிறியில் சிக்கக்கூடும். பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்களுக்கோ அருகில் நிற்பதும் ஆகாது. மேலும், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் செல்லும். 1995ஆம் ஆண்டில் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட வினையூக்கி மாற்றி, அதாவது புகையைத் தூய்மையாக்கும் கருவி, அதனால் அளவுமீறிச் சூடேறிக் கெடும்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை அறிய, ஒயரைத் தொடவே வேண்டியதில்லை. இரவு முழுதும் குளிர்ந்த இஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டி நிறுத்துக. பின்னர்ப் புகைக்குழாய் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் இடத்தில் சொட்டு நீர் தெளித்துப் பார்க்கலாம். காய்ந்த தோசைக்கல்லிற்போல நீர் பொரிந்தால் அச்சிலிண்டர் எரிகிறது. அப்படியே நின்றால் எரியவில்லை. அறிஞர்களின் கருவிகள் எத்தனை வந்தாலும் இவ்வெளிய முறைக்கு ஈடில்லை என்பது என் கருத்து.

அடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இஞ்சின் ஆறியபின் ஒயரை நீக்குக. ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் கரியிழை அறும். முனையிலுள்ள ரப்பர் தொப்பியைச் சற்றே திருகி எடுத்தல் வேண்டும். மல்டிமீட்டரில் வைத்தால் கரியிழை ஒயர் பொதுவாகச் சில ஆயிரம் ஓம் காட்டும்; நீளமான ஒயர் கூடுதலாகக் காட்டுவது இயல்பே. ஒன்று மட்டும் மற்றவற்றினும் பன்மடங்கு மிகுந்தாலோ எதுவுமே காட்டாவிட்டாலோ உள்ளே அறுபட்டிருக்கிறது. ஆனால் உறையிலுள்ள வெடிப்பை மல்டிமீட்டர் காட்டாது. இதனை மறந்து 'ஒயர் நல்ல ஒயர்தான்' என்று முடிவுகட்டுவோர் பலர்.

வெடிப்பைக் காட்டவல்லது இருளே. பேட்டரியை மீண்டும் இணைத்து, இரவில், கொட்டகைக்குள் அன்றித் திறந்த வெளியில் வண்டியை நிறுத்துக. மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு நச்சு உயிரைப் போக்கும். பெட்ரோல் வாடை வீசினால் சோதனையே கூடாது. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கைப் போட்டு, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து இஞ்சினை இயக்க, மற்றவர் கைலியையும் தோள்துண்டையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு எட்டி நின்று நோக்குதல் வேண்டும். கசிவுள்ள இடத்தில் நீலப்பொறி துள்ளும். 'டிக் டிக்' என்னும் ஓசையும் கேட்கும். தெரியாவிடில், கை எட்டும் தூரத்திற்கு அப்பால் நின்று, தெளிப்பானால் பனிபோல் சிறிது நீர் தூவினால் வெளிப்படும்.

பொறி தெரிந்த இடம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியாக இருப்பின் ஒயர் மாற்றிப் பயனில்லை. மூடியில் மயிரிழை போன்ற கரிக்கோடு இருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். பழுது ஒயரில்தான் எனில், ஒன்றை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியையும் மாற்றுதல் நலம். ஒரே வயதுடையவை அடுத்தடுத்துக் கெடும். மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி அவ்வப்போதே பூட்டுக. அம்பாசடரில் எரியும் வரிசை 1, 3, 4, 2 ஆகும்; வரிசை பிறழ்ந்தால் நல்ல ஒயரிலும் வண்டி ஓடாது.

அம்பாசடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுபோயிற்று. இன்றைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் தனிக்காயில் அமர்ந்திருப்பதால் இவ்வொயர்களே இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் அந்த ஒற்றை ஒயர் இன்னும் இருக்கிறது. மழையில் நனைந்தபின் அது நின்றுபோனால் முதலில் பார்க்கவேண்டிய இடமும் அதுவே.