பொறியியலாளராக இன்னொரு வாசல்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் சிலாபம் கடைத்தெருவில் வாப்பாமார் மத்தியில் ஒரே பேச்சுத்தான். "இஸட் புள்ளி காணாது, இனி மகனைக் கடையில் போடத்தான் வேணும்." பொறியியல் பீடத்துக்கு ஒரேயொரு வாசல்தான் உண்டு, அது மூடிவிட்டால் கதை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். கடையில் உட்காருவது இழிவல்ல. நானும் பள்ளிக்கூடத்தோடு கடைக்கு வந்தவன்தான். ஆனால் பொறியியலில் ஆசையுள்ள பிள்ளையை, வேறு வழி விசாரிக்காமலே கல்லாவில் உட்கார வைப்பது வியாபாரக் கணக்கிலும் சரியாக வராது.

நமக்கு எதிர்க்கரையான இராமேஸ்வரத்தைப் பாருங்கள். ஓடம் வைத்திருந்த ஜைனுலாப்தீன் அவர்களின் மகன் அப்துல் கலாம், 1950 இல் திருச்சி சென் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தார். அது பொறியியல் கல்லூரியல்ல, கலையும் விஞ்ஞானமும் கற்பிக்கும் கல்லூரி. அங்கே பௌதிகவியல் படித்து 1954 இல் பட்டம் பெற்றார். கடைசி வருடத்தில் ஆங்கில இலக்கியத்திலும் மூழ்கினார். தனக்குரிய துறை பௌதிகவியல் அல்ல, பொறியியல்தான் என்பது பட்டம் முடிகிற வேளையில்தான் விளங்கியது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

அப்போது அவருக்குக் கை கொடுத்தது சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. எனப்படும் மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம். 1949 இல் சி. ராஜம் என்ற தொழிலதிபர் தமது பெரிய வீட்டை விற்று அதைத் தொடங்கினார். (நம்மவர்களில் வசதி படைத்தோர் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கலாம்.) பி.எஸ்ஸி. முடித்தவர்களை எடுத்து, மூன்று வருடத்தில் விமானம், மோட்டார் வாகனம், இலத்திரனியல் போன்ற துறைகளில் பொறியியலாளராக்குவதே அதன் ஏற்பாடு. எழுத்தாளர் சுஜாதாவும் இதே சென் ஜோசப்பில் பௌதிகவியல் படித்து, இதே எம்.ஐ.டி.யில் இலத்திரனியல் கற்றவர்தான்.

கலாமுக்கு இடம் கிடைத்தது, பணம் இருக்கவில்லை. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபா தேவைப்பட்டது. வாப்பாவால் முடியவில்லை. சகோதரி ஸொஹரா தமது தங்கக் காப்புகளையும் சங்கிலியையும் ஈடுவைத்துக் கொடுத்தார். நமது ஊர்களில் பெண்களின் நகை எத்தனை கடைகளுக்கு முதலாகியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்; இங்கே அது படிப்புக்கு முதலானது. அந்த நகையைத் தன் சம்பாத்தியத்தில் மீட்பதாக உறுதி பூண்ட தம்பிக்குப் புலமைப்பரிசிலைத் தவிர வேறு வருமான வழி இல்லை. ஒரு விமான வடிவமைப்பு வேலை பிந்தியபோது, மூன்று நாளில் முடிக்காவிட்டால் புலமைப்பரிசில் நிறுத்தப்படும் என்றார் பேராசிரியர் ஸ்ரீனிவாசன். இரவு பகலாக உட்கார்ந்து முடித்தார். முதல் போட்டவர் யார் என்பது நினைவிலிருந்தால் வேலை அப்படித்தான் நடக்கும்.

அமெரிக்காவில் இந்த வழி இன்னும் ஒழுங்காக இருக்கிறது. பொதுக்கல்வி தரும் சிறு கல்லூரியில் மூன்று வருடம், பின் பொறியியல் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம், முடிவில் இரண்டு பட்டங்கள். நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகம் இவ்வாறு பிற கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் ஐந்து வருடச் செலவு இது. அத்தோடு, அங்குள்ள பொதுக்கல்வியை நமது கலைப் பிரிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வரலாறும் இலக்கியமும் படிக்கும் அந்தப் பிள்ளை கணிதத்தையும் பௌதிகவியலையும் கூடவே படித்திருக்க வேண்டும். கலாமின் கதையிலும் சுஜாதாவின் கதையிலும் பாலமாக இருந்தவை இந்தப் பாடங்களே. கணிதத்தை ஒன்பதாம் வகுப்பில் வெறுக்க வைத்துவிட்டு, பிறகு வழி தேடிப் பயனில்லை.

நம் நாட்டில்? 2012 இல் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பீடம் வந்தது. ஆனால் அதற்கும் இஸட் புள்ளி வேண்டும். அது காணாதவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம். தொழில் பார்த்துக்கொண்டே பொறியியல் பட்டம் படிக்கலாம். தொழில்நுட்ப டிப்ளோமா முடித்தவர்களுக்கும் வழியுண்டு. காலம் கூடுதலாகும், இடையில் விட்டுவிடுபவர்களும் உண்டு. பகலில் கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு இது பொருந்தும். உயர்தரத்தில் 2013 முதல் உள்ள தொழில்நுட்பப் பிரிவு, பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்கே கொண்டுபோகும். அதுவும் நல்ல படிப்புத்தான், ஆயினும் பொறியியல் பட்டம் வேறு.

தனியார் நிறுவனங்களின் வர்ண விளம்பரங்களைக் கண்டு இலட்சக்கணக்கில் கட்டுபவர்கள், சரக்கு எடுக்கும்போது விசாரிப்பதில் பாதியையாவது இதற்கு விசாரிக்கட்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அது அங்கீகரித்த பொறியியல் பட்டத்துக்கு இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளிலும் மதிப்புண்டு. ஆகவே காசு கட்டுமுன், 'இந்தப் பட்டத்தை யார் அங்கீகரித்திருக்கிறார்கள்?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை நம்பாமல், கொழும்பிலுள்ள அந்த நிறுவனத்திலேயே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.